புற்றுச்செல்களுக்கு ஒரு பூஜை விடுமுறை

யாரையாவது சீராட்டாமல் கேதகி சான்யாலுக்குப் பொழுது போகாது. தெற்குக் கொல்கத்தா ஆய்வுக்கூடத்தில் அந்தச் சீராட்டல் முழுக்கப் புற்றுச்செல்களுக்குத்தான். "எழுந்தாச்சா கண்ணுங்களா?" என்று காலையில் செல் வளரும் தட்டைத் திறந்து கேட்பாள். கட்டிய புருஷனுக்கு அந்தக் குரல் வாய்த்ததில்லை.

அவை முரட்டுச் செல்கள். கீமோ மருந்தைத் துளித்துளியாகக் கூட்டி, சாகாமல் மிஞ்சியதை மட்டுமே வளர்த்து, மாதக்கணக்கில் அவளே பழக்கியவை. ஆபத்து என்றதும் 'தாக்குப்பிடி, செத்துவிடாதே' என்று செல்லுக்குள் சேதி சொல்வது ஒரு குட்டி நொதி என்பது அவள் கட்சி. அதன் வாயைக் கட்டினால் மருந்து மறுபடி வேலை செய்யும். வருஷக்கணக்காக இதையே சொன்னதில், கூட்டத்தில் அவள் எழுந்தாலே பாதிப் பேருக்கு டீ ஞாபகம் வந்துவிடும்.

ஆசையாகக் கேட்டவள் ஒருத்திதான், பள்ளித்தோழி பர்ணாலி. அவளுக்குக் கருப்பையருகே வந்த புற்றுக்கட்டி, இரண்டாம் முறை மருந்துக்கு மசியவில்லை. "உன் பொடியன் என்னடி சொல்றான்?" என்று அந்த நொதியைத் தினமும் போனில் விசாரிப்பாள்.

துர்க்கா பூஜைக்கு ஒரு மாத விடுப்பில் கேதகி புரி கடற்கரைக்குக் கிளம்பினாள். தட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆராய்ச்சி மாணவன் ருத்ரநீல் இருந்தான்.

"மருந்து கலக்காதே. வெறும் சத்துநீர் போதும்."

"எதுக்கு தீதி?" அவளை அக்கா என்றுதான் அவன் அழைப்பான்.

"ஊரே புதுத்துணி கட்டி லுச்சி சாப்பிடுது. இதுங்க மட்டும் விஷம் குடிக்கணுமா? நானும் இல்லாத நேரத்துல செத்துகித்து வெச்சா?"

திரும்பி வந்ததும் சோதனை. நொதியை அடக்கி மருந்தை ஊற்றியதும் முரடர்கள் கூண்டோடு காலி. கேதகி ஆய்வுக்கூடம் முழுக்கச் சந்தேஷ் இனிப்புக் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கும் தட்டை எண்ணும்வரை பொறுக்க முடியாமல் பர்ணாலியையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள் என்று புரிந்தது.

மறுநாள் ருத்ரநீல் தயங்கித் தயங்கி வந்தான். "தீதி, நொதியைத் தொடாம மருந்து மட்டும் போட்ட தட்டு... அதுலயும் எல்லாம் செத்திருக்கு."

கேதகி நாற்காலியில் உட்கார்ந்தாள். மருந்தில்லாமல் சொகுசாக இருந்ததில் செல்கள் பழைய முரட்டுத்தனத்தை மறந்துவிட்டிருந்தன. நொதியைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. கூட்டத்தில் சிரிப்பார்கள், போகட்டும். பர்ணாலியிடம் கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது?

சாயங்காலம் வேறு வழியின்றிக் கூப்பிட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அடிப்பாவி, செல்லுக்கு லீவு விட்டியா? என் டாக்டர் எனக்கு ஒரு நாள்கூட விடலையே!" பர்ணாலி இருமலோடு சிரித்தாள்.

"திட்டுடி. நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது."

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன், தெரியுமா? ரொம்ப நாளைக்கு அப்புறம். அது எனக்கு லாபம்தான். சரி, மறுபடி பழக்க எவ்வளவு நாளாகும்?"

"எட்டு மாசம். கூடவும் ஆகலாம்."



"அப்போ எங்கிட்ட என்னடி பேச்சு?" என்றாள் பர்ணாலி. "போய் மருந்தை ஊத்து."