சமையல்காரச் சிப்பாய்

எங்கள் ஊர் சாமி சண்டை முடித்து, கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த சாமி. அதனால் கந்த சஷ்டிக்கு ஊரெல்லாம் சூரனை வெட்டும்போது திருத்தணியில் மட்டும் பூவைக் கொட்டி அர்ச்சனை செய்வதோடு சரி. இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு நான் சண்டைப் பொம்மை சேர்க்கிறேன். "மலை மேல இருக்கறவரே சண்டைய விட்டுட்டாரு, உங்களுக்கு இன்னும் ஆசை அடங்கல" என்று ஒவ்வொரு பார்சல் வரும்போதும் என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது நியாயம்தான்; நான் பார்சலைப் பிரிக்கப் போய்விடுவேன்.

பொம்மை என்றால் பிளாஸ்டிக் இல்லை. உலோகத்தில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டியது. என் சுட்டுவிரல் உயரம்கூட இருக்காது. பிளாசியில் நின்ற துப்பாக்கிக்காரர்கள், வாட்டர்லூ குதிரைவீரர்கள், முதல் உலகப் போருக்கு மெசபொடேமியா வரை போன நம் நாட்டுத் தலைப்பாகைச் சிப்பாய்கள் என்று ஒரு கண்ணாடி அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். எந்தப் படையின் சட்டையில் எத்தனை பொத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தீபாவளிக்கு ஒரு லட்சுமி வெடி வைக்கச் சொன்னால் மட்டும் வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

நவராத்திரிக்கு வீட்டில் கொலு உண்டு. ஏழு படி மனைவியுடையது. படிக்குக் கீழே தரையில் மற்றவர்கள் பூங்காவும் மிருகக்காட்சிசாலையும் போடுகிற இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாள். மணலைப் பரப்பி நான் அங்கே போர்க்களம் அமைப்பேன். சுண்டல் வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வேன். கேட்கிறார்களா இல்லையா என்பதை நான் கவனிப்பதே இல்லை.

எங்கள் பாவா, அதாவது என் அக்காவின் கணவர், உண்மையிலேயே பட்டாளத்தில் இருந்தவர். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். பதினேழு வருடம் ராணுவத்தில் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து, இப்போது நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். கார்கில் சண்டை நடந்தபோது அந்தப் பனிமலையில்தான் இருந்தார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. நானாக விசாரித்ததும் இல்லை. வாட்டர்லூவைப் பற்றிப் பத்துப் புத்தகம் படித்தவனுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைக் கேட்கத் தோன்றவில்லை. சமையல்காரர்தானே என்ற இளக்காரம் எனக்குள் இருந்திருக்கிறது. இப்போது அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன வருடத்துக்கு முந்தைய கொலுவில் அந்த இளக்காரம் வெளியே வந்தது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். என் மனைவி வழிப் பெரியவர் ஒருவர் போர்க்களத்தைப் பார்த்துவிட்டு, பாவாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "நீங்க மிலிட்டரியாமே, எந்த சண்டையில இருந்தீங்க?"

"கார்கில்ல இருந்தேங்க" என்றார் பாவா.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "பாவா சண்ட போட்டதெல்லாம் உருளைக்கிழங்கோடதான்" என்றேன். வீடே சிரித்தது. பாவாவும் சிரித்தார். எப்போதும் எல்லோருக்கும் கடைசியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர், அன்று வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமலே கிளம்பினார்.

அக்காதான் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் சொன்னாள். "அவரு சிரிச்சாருன்னு பாத்தியா? பஸ்ல வந்துகினு இருக்கும்போது ஒரு வார்த்தை பேசலடா. உன் வூட்டு பக்கம் இனிமே வரமாட்டேன்ங்கறாரு." விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதுபடுத்துகிறாரே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பொங்கலுக்கு அக்கா தனியாக வந்தாள். என் மகளின் மஞ்சள் நீராட்டுக்கும் தனியாக வந்தாள். தாய்மாமன் சீர், அத்தை சீர் என்று எல்லாம் நடந்த இடத்தில் அத்தை பக்கத்தில் மாமா இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் வயல் வேலை என்று பொய் சொன்னாள். அவள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரப் பந்தலில் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு பாவா வருடாவருடம் சமைத்துப் போடுவார். அங்கே போய்ப் பேசிவிடலாம் என்று வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இலையில் சாம்பார் சாதத்தை வைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டா சாமி?" என்றார். காவடிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் சொல்கிற அதே சாமி. இருபத்தைந்து வருடமாக என்னை மச்சான் என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர். அந்தச் சாதத்தை எப்படிச் சாப்பிட்டு முடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் புது செட் ஒன்று அறிவித்தார்கள். மெசபொடேமியா சிப்பாய்களின் முகாம். அதில் ஒரு சமையல்காரர், அவர் முன்னால் அடுப்பில் ஒரு பெரிய தேக்சா. இத்தனை வருடத்தில் எந்தச் சண்டையின் செட்டிலும் சமையல்காரரை நான் பார்த்ததில்லை. உடனே பணம் கட்டினேன். பாவாவுக்காக வாங்கினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் வாங்கும்போது சேகரிப்பு முழுமையாகும் என்பதுதான் நினைப்பு. திருவள்ளூர் அலுவலகத்திலிருந்து ரயிலில் வரும்போது, மணவூர் தாண்டுகையில் பார்சல் வந்த செய்தி போனில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நேரில் மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாதவன் பொம்மையைத் தூது அனுப்பப் பார்த்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "லங்கர் பொம்மை ஒண்ணு வந்துகீதுக்கா. சரியா செஞ்சிகீறாங்களான்னு எனக்குத் தெரியல. பாவா வந்து பாத்து சொன்னாத்தான் தெரியும்." ராணுவத்தில் சமையல் கூடத்தை லங்கர் என்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அக்கா என்ன சொல்லி அழைத்தாளோ, விஜயதசமியன்று பகல் பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

பாவா என்னோடு பேசவில்லை. நேராகக் கொலுவுக்குப் போய்க் கீழே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். சமையல்காரரை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்டிய இப்டி புடிச்சா கை வெந்துடும். துணி சுத்தணும்" என்றார். பிறகு தேக்சாவைப் பார்த்தார். விளிம்பு வரை வெள்ளையாகச் சோறு செய்திருந்தார்கள். "சாப்புடறவங்க எங்க?"

"அது தனி செட்டு பாவா. இன்னும் வரல."

"ஆங்" என்றார். "இன்னும் வரல." பொம்மையை மணலில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"பதினாலு பேரு சாயங்காலம் மேல ஏறிப் போனாங்க. விடியகாலைல வந்து சாப்புடறோம், சூடா வெய்யின்னு சொல்லிட்டுப் போனாங்க. சோறும் பருப்பும். அந்தக் குளிர்ல பருப்பு கல்லாட்டம் ஆயிடும். அடுப்ப அணைக்காம கிண்டிகினே இருந்தேன். மேல சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. பொழுது விடிஞ்சி ரொம்ப நேரம் கழிச்சி ஒம்பது பேரு வந்தாங்க."

அக்காவைப் பார்த்தேன். அவளும் இதை முதல் முறையாகக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"வந்தவங்களுக்கு சோறு எறங்கல. தட்டுல போட்டுக் குடுத்தா கையில வெச்சிகினு அப்டியே உக்காந்துகினு இருந்தாங்க. துன்னுங்கடான்னு கத்தினேன். கெட்ட வார்த்தைல திட்டினேன். வந்தவங்கள்ல ஒருத்தரு எனக்கு அதிகாரி, அவரையும் திட்டினேன். ஒரு பையனுக்கு நானே ஊட்டி உட்டேன். அப்புறம் துன்னாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "நான் போட்ட சண்ட அவ்ளோதான் மச்சான்."

மச்சான் என்றார்.

"மீதி அஞ்சு பேரு சோறு?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"கொட்ட மனசு வரலம்மா. மூடி வெச்சிருந்தேன்."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. "பாவா, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றேன்.

"ஆங், தப்புதான்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு, "பசிக்குது" என்றார்.

அவரை முதல் பந்தியில் உட்கார வைத்தோம். எல்லோரும் சாப்பிடட்டும், கடைசியில் உட்காருகிறேன் என்று வழக்கம்போல எழப் பார்த்தார். அவர் ஏன் எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறார் என்று இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை. "இன்னிக்கு நான் கடைசி பாவா" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்து, நானே பரிமாறினேன். எனக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை, ரசத்தைப் பாதி இலைக்கு வெளியே ஊற்றினேன். அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

விளக்கு வைத்த பிறகு கொலுவுக்கு ஆரத்தி எடுத்தார்கள். விஜயதசமியன்று ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும்; அதோடு கொலு முடிந்ததாகக் கணக்கு. மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவோம். அன்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது சமையல்காரரைப் பற்றித்தான் என்பதாலோ என்னவோ, என் மனைவி குனிந்து அவரையே படுக்க வைக்க எடுத்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிய பாவா வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். "அவன் வேணாம்மா" என்றார். "ஆளுங்க இன்னும் சாப்புட வரல."

மனைவி சமையல்காரரைத் திரும்ப மணலில் நிற்க வைத்துவிட்டு, பிளாசித் துப்பாக்கிக்காரன் ஒருவனைப் படுக்க வைத்தாள். மறுநாள் மற்றவையெல்லாம் பெட்டிக்குப் போயின. சமையல்காரர் மட்டும் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பாவா இப்போது வாரம் ஒருமுறையாவது போன் செய்கிறார். மழை, நெல், பேத்தி பள்ளிக்கூடம் என்று எல்லாம் பேசிவிட்டு, வைப்பதற்கு முன்னால் கேட்கிறார்:

"அவங்க வந்துட்டாங்களா மச்சான்?"

"இன்னும் இல்ல பாவா" என்கிறேன்.