கண் எரிந்தால் சுத்தம்

என் அண்ணிக்கு நான் வைத்த பெயர் ‘பளபளா’. அவர் எனக்கு வைத்த பெயர் ‘சைரன்’. இரண்டுமே பொருத்தம் என்று அண்ணன் ஒப்புக்கொள்வார். மற்ற விஷயங்களில் அவர் வாய் திறப்பதில்லை.

கீழ் வீட்டில் அவர்கள் இருவர், மாடியில் நான் ஒருத்தி. தையல் கடைக்குப் போகும்போது அண்ணியின் சமையலறையை எட்டிப் பார்த்து, ஒரு குற்றமாவது சொல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. நாத்தனார் என்றால் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியுமா என்ன?

அண்ணன் பஸ் டிரைவர். ஒரே மகளும் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. அண்ணிக்கோ சும்மா உட்காரத் தெரியாது. பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். டப்பாக்கள் காலி ஆகித் திரும்பி வந்தால் அன்று முழுக்க அவர் முகத்தில் வெளிச்சம். அதில் ஒரு துண்டு கிழங்கு மிச்சம் இருந்தாலும் போச்சு, “ஏன் வெச்சிருக்கா? என்ன ஆச்சு?” என்று இரவு வரை புலம்பல்.

அண்ணி சமைக்கிற விதமே தனி. கரண்டியை வாயில் வைக்க மாட்டார்.

“அடுத்தவங்க வயித்துக்குப் போற சாப்பாடு. நான் எச்சில் பண்ணலாமா?” என்பார்.

எல்லாம் வாசனைதான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பார், திடீரென்று “வெங்காயம் அடிப்பிடிக்குது” என்று எழுந்து ஓடுவார். போய்ப் பார்த்தால் அப்போதுதான் ஓரம் சிவக்க ஆரம்பித்திருக்கும். துடைக்கிற துணியைக்கூட முகத்தருகே கொண்டுபோவார். மூக்கு சுருங்கினால் அது குப்பைக்கு. இப்படிப்பட்ட மனுஷிக்குப் போன குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது, போனது. நாங்களும் மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சமையலறையில் கோளாறு ஆரம்பித்தது. பாத்திரம் தேய்க்கிற பஞ்சு நாள் கணக்கில் தொட்டித் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவி, சுற்றித் தெறித்த தண்ணீரை எந்தத் துணியால் துடைத்தாரோ, அதே துணியால் சாப்பாட்டு மேஜையையும் துடைத்தார். ஒட்டாத சட்டியைக் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து, அதன் கறுப்பு மேல்பூச்சே பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“அண்ணி, அந்தத் துணி நாறுது!”

“இப்பதாண்டி அலசிப் போட்டேன்.”

“தண்ணில காட்டி எடுத்தா அலசினதா? மேஜைக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?”

“காலையிலேயே சைரன் அடிக்காத. கடைக்குக் கெளம்பு.”

இன்னொரு பக்கம், சுத்தம் செய்கிற மருந்துகள் புட்டி புட்டியாக வந்து இறங்கின. சூடு ஆறாத அடுப்பின் மேலேயே எதையோ பீய்ச்சுவார். ஆவி குப்பென்று கிளம்பும். வயதாகிறது, பிடிவாதம் கூடுகிறது என்று நினைத்தேன். அண்ணனிடம் கேட்டால், அந்த வாயில்லாப் பூச்சி வேறு ஒன்றைச் சொன்னார்.

“அவளுக்கு என் மேல ஏதோ கோபம். கெட்டுப்போன பால்ல டீ போட்டுத் தர்றா.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“குடிச்சிட்டேன். என்ன தப்பு பண்ணினேன்னு தெரியல. கேட்டா இன்னும் கோபம் வந்துட்டா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே விஷயத்தைக் கோட்டை விட்டேன்.

எங்கள் கடைக்கு விடுமுறையான ஒரு நாள், நிதானமாகப் படி இறங்கினேன். பாதிப் படியிலேயே தொண்டை அடைத்தது. மூக்குக்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி. கீழ்க் கதவைத் திறந்தால், சமையலறை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. துடைத்த இடத்தில் தூசி படியக் கூடாதாம். அண்ணி தொட்டியின் மேல் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, இருமுகிறார், ஆனாலும் கை நிற்கவில்லை. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் டப்பா. அதன் பக்கத்தில் கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட் புட்டி, மூடி திறந்தபடி.

அடப்பாவமே! மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவர் முழங்கையைப் பற்றித் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்துவிட்டேன். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுக் கத்தினேன் பாருங்கள், எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

“உசுரு வேண்டாமா உங்களுக்கு? ரெண்டையும் சேர்த்தா ஊத்துவாங்க?”

“கறை போகலடி. பவுடர் போட்டேன், போகல. அதான் மேல அதையும் ஊத்தினேன்.”

“கண்ணு எரியுதுல்ல? அப்பவாவது வெளிய வர வேண்டாமா?”

“கண்ணு எரிஞ்சாத்தானே சுத்தமாச்சுன்னு தெரியும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அந்த நெடி தெருவுக்கே வருது அண்ணி. உங்களுக்கு வரலையா?”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முந்தானையை எடுக்கவே இல்லை. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“எதுவுமே வரலடி. காய்ச்சல் விட்டதிலேர்ந்து.”

துணி, பஞ்சு, கெட்டுப்போன பால், எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. வாசம் தெரியாததால் எது சுத்தம், எது அழுக்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஊற்ற ஊற்றக் கண் எரிந்தது. சரி, இதுதான் அளவு என்று பிடித்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, இத்தனை மாதம் இதை எங்களிடம் மறைத்திருக்கிறார். கோபம் தலைக்கேறியது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

டாக்டர் நெஞ்சைப் பார்த்து, தப்பித்தீர்கள் என்றார். அந்த இரண்டையும் கலந்தால் கிளம்புவது நுரையீரலை அரிக்கிற விஷக்காற்றாம். மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு, “திரும்ப வரலாம், வராமலும் போகலாம்” என்றார். அண்ணன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அப்போ என் மேல கோபம் இல்லையா?” என்றாரே பார்க்கலாம்! அண்ணி அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் நேராகப் போனை எடுத்தார்.

“சாப்பாட்ட நிறுத்திடறேன்னு சொல்லிடறேன். கெட்டது நல்லது தெரியாத கையால அந்தப் பொண்ணுங்களுக்கு இனிமே போடக் கூடாது.”

“நிறுத்திட்டு?”

“சும்மா உக்காந்திருக்கேன். எல்லாரும் உக்காரலையா?”

அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. இந்த அடுப்படியை எடுத்துவிட்டால் அண்ணியிடம் மிச்சம் என்ன இருக்கும்?

“சொல்லுங்க, மறைக்க வேண்டாம்,” என்றேன். “ஆனா பாதியோட நிறுத்தாதீங்க. இவ்வளவு நாள் சும்மா நுழைச்ச மூக்கு ஒண்ணு மாடியில இருக்கு, இனிமே அது வேலை பார்க்கும்னு சேர்த்துச் சொல்லுங்க.”

துணிக்கடைச் சூப்பர்வைசர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க நாத்தனார் மூக்குதானே? எங்க ரவிக்கையெல்லாம் தைக்கிறவங்கதானே? பரவாயில்ல, டப்பா வரட்டும்” என்றாராம்.

மறுநாள் காலை கீழே போனேன். அண்ணி பரீட்சைக்கு வந்த பிள்ளை போலச் சுவரோரம் நின்றார். பழைய பஞ்சை எறிந்துவிட்டேன். துணிகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தியிருந்தோம். ஆசிட் புட்டி வீட்டிலேயே இல்லை. வெறும் சோப்பு, தண்ணீர், திறந்த ஜன்னல். பாலை முகர்ந்தேன், கோழியை முகர்ந்தேன், நேற்று வாங்கிய காளானை முகர்ந்து ஓரம் தள்ளினேன். கடைசியில் அவர் தொட்டியைக் காட்டினார்.

“இதைப் பாரு. நல்லாப் பாரு.”

குனிந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு துணி, மேஜை, அடுப்பு மேடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அண்ணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

“என்னடி வாசம் வருது?”

“ஒண்ணும் வரல அண்ணி.”

“பொய் சொல்லாத. எதாவது வரும்.”

“சத்தியமா ஒண்ணுமே வரல. சுத்தமா இருந்தா வராது.”

அண்ணி என் பக்கத்தில் வந்து, தொட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சை இழுத்தார்.

“ஆமாண்டி,” என்றார். “எனக்கும் அப்படித்தான் வருது.”