கண்ணாடிக் கூட்டில் பதினேழு மாத்திரைகள்

ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் பதினாறு வருஷம் ஆகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர்தான். உறையில்லாத மாத்திரையை உள்ளங்கையில் வைத்தால் போதும், எதற்கு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கடகடவென ஒப்பிப்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார். நாற்பது வருஷத்துக்கு முந்தையது நிற்கிறது, அரை மணி நேரத்துக்கு முந்தையது நிற்கவில்லை. இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கால் விளங்காமல் கட்டிலோடு கிடக்கும் மனைவிக்குத் தினம் காலையில் ஒரு சர்க்கரை மாத்திரை கொடுப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம். அதையும் தன்னிடம் விட்டுவிடச் சொல்லி மகள் கேட்டபோது எகிறிக் குதித்தார். கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். கோடு போடவும் மறந்துபோகும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் தன் கண்ணாடியைத் தேடியபோது, தூங்கும் மனைவியின் தலையணைக்கு அடியில் அவளுடைய கண்ணாடிக் கூடு தட்டுப்பட்டது. திறந்தார். உள்ளே ஓரம் கரைந்து காய்ந்த வெள்ளை மாத்திரைகள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. தான் மறந்துபோய் இரண்டாம் முறை கொடுத்ததையெல்லாம் நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவர் திரும்பியதும் துப்பியிருக்கிறாள். பதினேழு இருந்தன. சர்க்கரை இறங்கிப்போய்த் தூக்கி வரப்பட்டவர்களை எத்தனையோ பார்த்தவர் அவர். கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அவள் விழித்தாள். மருந்து அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவள் கையில் திணித்தார்.

"இனிமே நீயே வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத."

அவள் முகத்தில் துளி ஆச்சரியம்கூட இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க," என்றாள். "அதுக்கு முந்தின வாரமும். அப்புறம் சாவியக் காணோம்னு வீட்டையே புரட்டிப்போட்டு அழறீங்க. எனக்குத் தாங்கல."

இந்தத் தடவை மறக்கவே மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

சாயங்காலம் காலண்டரைப் பார்த்தார். அன்றைய தேதியில் கோடு இல்லை. ஐயோ, காலையில் கொடுக்கவே மறந்துவிட்டோமே என்று பதறி இடுப்பைத் தடவினார்.

"சாவி எங்க? நீ இன்னும் மாத்திரையே போடலியே."

காலையிலேயே ஒன்று விழுங்கியிருந்தவள் கண்ணாடிக் கூட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவைத்தாள். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு மாத்திரைக்கு வாயைத் திறந்தாள்.