டுவைட் நோர்கார்ட் வளர்த்த அறிவாளி

டுவைட் நோர்கார்டை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். அப்போதே தலைக்கனம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்கார மாட்டான். எங்கள் முட்டாள்தனம் தொற்றிக்கொள்ளுமாம். இன்றைக்கு எந்தச் சாலையில் முதலில் பனி அள்ளுவது என்று முடிவு செய்யும் அலுவலகத்தில் இருக்கிறான். அதற்கே மினசோட்டா மாநிலம் முழுவதையும் தன் தோளில் தாங்குகிறவன் மாதிரிதான் நடை.

அவனுக்குப் பெண் பிறந்தாள், அன்னிகா. மனைவிக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. பிள்ளையை மேதையாக்குகிற பொறுப்பை இந்தப் பெரிய மனிதர் எடுத்துக்கொண்டார். வீட்டு அடித்தள அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு தொடுதிரை. அது கேள்வி கேட்கும், நாலு விடை காட்டும். குழந்தை சரியானதைத் தொட்டால் மணி அடிக்கும். பக்கத்து வீட்டில் என் பிள்ளைகள் பனியில் உருண்டு கத்தினால் இவன் ஜன்னலைச் சாத்துவான்.

"உன் பசங்க பேச்சு அவளுக்கு ஒட்டிக்கும், லாவோன். தப்பா நினைக்காத."

வேறு எப்படி நினைப்பதாம்?

ஊரில் ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர் நாகரிகம் அப்படி. ஒன்று அறவே பிடிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காப்பியை உறிஞ்சுவோம். தேவாலய விருந்தில் அன்னிகா மாநிலத் தலைநகரங்களை எல்லாம் ஒப்பித்தபோது மேசை முழுக்க "வித்தியாசமா இருக்கே!" டுவைட்டும் இந்த ஊரில் பிறந்தவன்தான், பிறர் வீட்டு விஷயத்தில் இதையே சொல்கிறவன்தான். தன் பெண் என்றதும் அது பாராட்டாகக் கேட்டிருக்கிறது. பூரித்துப்போய் இரண்டாம் முறை ஒப்பிக்க வைத்தான்.

பள்ளியில் சேர்க்கும் முன் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அங்கே போய்விட்டு வந்தவன் நேராக என் சமையலறையில் வந்து குதித்தான்.

"ஒரு தலைநகர் கேக்கல, லாவோன்! பந்தை உருட்டி விடறா அந்த டீச்சர்!"

"அன்னிகா திருப்பி உருட்டினாளா?"

"எங்க தொடணும்னு பாத்தா."

"அப்புறம்?"

"உனக்கு யாரைப் பிடிக்கும்னு டீச்சர் கேட்டா. இவ, நாலு விடை சொல்லுங்கன்னு கேட்டா." அவன் குரல் இறங்கியது. "இவளுக்கு இன்னொரு ஆளோட இருக்கத் தெரியலயாம். இப்பவே பிள்ளைங்களோட விளையாட விடலைன்னா, வகுப்புல தனியா நின்னு தவிச்சுப்போவான்னு சொல்றா."

நாலு வயதுக் குழந்தை! இந்த மேதாவி அதற்கு என்ன செய்தான் தெரியுமா? நட்புக்கென்று ஒரு பாடம் வாங்கி அதே திரையில் ஏற்றினான். 'நண்பரைப் பார்த்தால் என்ன செய்வாய்?' அதற்கும் நாலு விடை, அதற்கும் மணி. கேள்விப்பட்டதும் ஊர் நாகரிகத்தை அடுப்பில் போட்டேன்.

"அட மடையா! அவளுக்கு வேண்டியது பாடம் இல்ல, பசங்க. ஞாயித்துக்கிழமை ஏரிக்குக் கூட்டிட்டு வா. வரலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்."

ஆயுளில் யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. வந்துவிட்டான்.

உறைந்த ஏரிமேல் ஆளுக்கொரு குடிசை. பெரியவர்கள் உள்ளே பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் வெளியே மீன் பிடிக்கிற விளையாட்டு. என் மகள் டெஸ்ஸாதான் தலைவி. அன்னிகா நட்ட கம்பமாக நின்றாள்.

"நீ மீனு," என்றாள் டெஸ்ஸா.

"இல்ல. நான் மனுஷி. பாலூட்டி இனம்."

"ஐயோ, இப்ப மீனுன்னு சொல்றேன்ல! துள்ளு!"

"கை எங்க வைக்கணும்?"

டெஸ்ஸா பொத்தென்று பனிக்கட்டிமேல் படுத்தாள். "இப்படி ஒட்டி வை. இடுப்பைத் தூக்கு. வாயத் திற."

அன்னிகா பக்கத்தில் படுத்து அதே மாதிரி செய்தாள். மறுபடி துள்ளியபோது கண்ணை உருட்டி மூச்சு வாங்கினாள். அது யாரும் சொல்லிக்கொடுக்காதது, அவளுடையது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.

அப்போது பார்த்து வந்து நின்றான் புண்ணியவான். "அன்னிகா, எழுந்திரு. பாட நேரமாச்சு."

"வர முடியாதுப்பா. எனக்குக் கால் இல்ல."

"பொய் சொல்லக் கூடாது."

பிள்ளை முதன்முதலாகச் சொந்தமாக ஒன்றைக் கற்பனை செய்து சொல்கிறது, அதற்குப் பேர் பொய்யாம்! வாரி எடுத்துக்கொண்டான். இத்தோடு அடித்தளம்தான், இனி வெளியே விடமாட்டான் என்று நினைத்தேன். அவள் அவன் கைகளிலும் துள்ளிக்கொண்டிருந்தாள்.

டெஸ்ஸா குறுக்கே போய் நின்றாள். "மிஸ்டர் டுவைட்! அது குட்டி மீனு! அளவு பத்தாது! பிடிச்சா திரும்ப விட்டுடணும், அதான் சட்டம்!"

"சட்டம்! சட்டம்!" என்று எல்லாப் பிள்ளைகளும் கூவின.

டுவைட் என்னைப் பார்த்தான். பெண்ணைப் பார்த்தான்.

"நான் இன்னும் குட்டிதான்ப்பா," என்றாள் அன்னிகா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, அவளைப் பனிக்கட்டிமேல் மெதுவாக விட்டான்.