பத்து நிமிடம் காத்திராதவள்

கட்டுக்கதை சொல்லி உங்களைப் பயமுறுத்தும் வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது, கண்ணுகளா. நடந்ததை அந்தப் பெண்ணே என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஜீப்ரா மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் உருவாவதையும் துடிப்பதையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். அதற்காகவே ஆய்வுக்கூடங்களில் அதை வளர்க்கிறார்கள். மீன் முட்டைக்குள் ஊசி போடுவதில் அவள் கெட்டிக்காரி, எல்லோருக்கும் ‘ஊசியக்கா’. ஒரே தடவை இட்ட முட்டைகளில் நாற்பதுக்கு, இதயத்தைத் துடிக்கவிடாத மருந்து ஏற்றினாள். பொரிந்த குஞ்சுகளுக்கு இதயம் துடிக்கவில்லை. ஆனாலும் ஐந்து நாள் உயிரோடு கிடந்தன. அத்தனை சின்ன உடம்புக்குத் தண்ணீரில் கரைந்த காற்றே போதுமாம். ஊசி போடாத நாற்பது, இன்னொரு தட்டில் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் படமெடுத்து மாலை ஆறுக்குள் ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டும். தவறினால் வேறோர் ஆய்வுக்கூடம் முந்திக்கொள்ளும். மூன்று வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளி.

மணி 2:50. துடிக்காத நாற்பதின் படம் முடிந்தது. இனி அவற்றைக் கொல்லவேண்டும். மயக்க மருந்து ஊற்றி, இதயம் நின்றபின் பத்து நிமிடம் காத்திருந்து, அப்புறம்தான் பிளீச்சிங் தண்ணீர். அதுதான் முறை.

அவள் நேராகப் பிளீச்சிங்கை எடுத்தாள். தொட்டி கழுவுகிறவர் பார்த்துவிட்டார்.

“மருந்து ஊத்தலையாம்மா?”

“துடிச்சாத்தானே அண்ணே நிக்கிறதுக்கு? துடிக்காத இதயத்துக்குப் பத்து நிமிஷம் காவல் காக்கணுமா?”

“பாவம்மா...”

“பாவம் பார்த்தா பட்டம் வராதுண்ணே.”

ஊற்றினாள். நாற்பதும் சுருண்டன. நிமிர்ந்தன. மறுபடி சுருண்டன. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி 3:10. மைக்ராஸ்கோப் அறை. பட்டப்பகலிலும் அங்கே கும்மிருட்டு. ஊசி போடாத நல்ல தட்டு லென்சின் கீழே ஏற்கெனவே இருந்தது. யாரோ வைத்திருக்கிறார்கள், வேலை மிச்சம் என்று நினைத்துக் குனிந்தாள்.

நாற்பது இதயங்கள். படபடவென்று துடித்தன.

சட்டென்று நின்றன. நாற்பதும். ஒரே நொடியில்.

குஞ்சுகள் சாகவில்லை... சுருண்டன. நிமிர்ந்தன. மறுபடி சுருண்டன.

டிக்... டிக்... தட்டின் அடியிலிருந்து சத்தம்.

எல்லாம் மெதுவாகத் திரும்பின. எண்பது கண்கள் லென்சைப் பார்த்தன.

3:20. நடுவில் ஒன்று மட்டும் துடித்தது.

மெதுவாக.

மீனுக்கு அது ஆகாத வேகம். தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

அதே துடிப்பு.

ஓடியிருக்கலாம். ஆனால் ஆறு மணி... பட்டனை அழுத்தினாள். ஒரு நிமிடப் படம். அப்புறம்தான் ஓடினாள்.

படிக்கட்டில் தொட்டிக்காரர்.

“நல்ல தட்டை யார்ணே லென்சுக்கடியில வெச்சது?”

“அதை ஒண்ணரைக்கே முடிச்சுட்டேனேம்மா. அஞ்சு நாள் ஆச்சேன்னு. மருந்து ஊத்தி, பத்து நிமிஷம் கூடவே நின்னேன்.”

“படம் எடுக்கலையே... என்னைக் கேட்கவேணாமா?”

“எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். ஏம்மா, முகம் வெளுத்துப்போச்சு?”

 திரும்பிப் போய் உட்கார்ந்தாள். 5:58க்கு அந்தப் படத்தையே அனுப்பினாள்.

ஏழு வாரம் கழித்துப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வு பிரமாதமாம், அச்சிடுகிறார்களாம். ஒரே ஒரு சந்தேகம். ‘மீனின் இதயத்துக்கு அறைகள் இரண்டு. உங்கள் படத்தில் நான்கு இருக்கின்றன, மனித இதயம் போல. இது யாருடையது?’

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடி ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். டாக்டர் திரையைப் பார்த்தார். அவளுடைய பழைய ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பழையதில் நான்கு அறைகள் சரியாகவே இருந்தன.

இப்போது மூன்றுதான் இருக்கின்றனவாம்.