நாக்கை நீட்டச் சொல்கிறவள்

"நாக்கை நீட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டேதான் அலர்மேல்மங்கை எந்த வீட்டுக்குள்ளும் நுழைகிறாள். சௌக்கியமா என்ற விசாரிப்பும் மழையைப் பற்றிய பேச்சும் அப்புறம்தான். ஒரு கை குடையை வாசல் மூலையில் சாத்தும். மறு கை இடுப்பில் செருகியிருக்கும் வட்டச் சிகரெட் டப்பாவை எடுக்கும். டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், உள்ளே இருப்பவை நகத்தளவு வெள்ளைக் காகிதத் துண்டுகள் என்று கண்டதும் இன்னும் அதிகமாகச் சுளிக்கிறார்கள். சிகரெட் என்றாலாவது அதை என்ன செய்வது என்று உலகத்துக்குத் தெரியும்.

அந்தக் காகிதத்தை ஒரு ரசாயனத்தில் தோய்த்து உலர்த்தியிருக்கிறது. நாக்கில் வைத்தால் சிலருக்கு வேப்பங்கொட்டையை அரைத்து அப்பியது போலக் கசக்கும். பக்கத்திலேயே நிற்கும் இன்னொருவருக்கு அது வெறும் காகிதம். யாருக்குக் கசக்கும், யாருக்குக் கசக்காது என்பது அப்பா அம்மா வழியாக வருகிற சங்கதி என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். பெங்களூர்க்காரர்களின் நாக்கு எப்படி என்று பார்த்து அதற்கு ஒரு டாக்டர் பட்டம் வாங்குவது அலர்மேல்மங்கையின் உத்தேசம். விலங்கியல் படித்தவள். தவளையையும் கரப்பானையும் வேண்டிய மட்டும் அறுத்துப் பார்த்தாயிற்று, அதுகள் கேட்ட கேள்விக்கு வாயைத் திறப்பதில்லை, அதனால்தான் மனுஷாளிடம் வந்தேன் என்பாள்.

கன்னட ஜில்லாக்கள் சேர்ந்து மைசூர் ராஜ்யம் பெரிதாகி இரண்டு வருஷம் ஆவதற்குள் மல்லேசுவரத்திலிருந்து சிவாஜிநகர் வரை அவள் பார்க்காத நாக்கு ஒன்று பாக்கி இருக்குமானால் அது ஷூவுக்குள் இருக்கும் நாக்காகத்தான் இருக்க வேண்டும். தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டதும் "நாலிகே அம்மா பந்த்ரு", நாக்கு அம்மா வந்தாச்சு, என்று கன்னடத்தில் கூவி, வரிசையாக நின்று, கேட்காமலே நாக்கை நீட்டுகின்றன. பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறார். கப்பன் பூங்காவில் ஓணான்கூட அவளைக் கண்டு நாக்கை நீட்டியது என்று ஒரு பேச்சு உண்டு. அது ஓணானின் வழக்கம்தானே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆள் ஒல்லி. கைத்தறிப் புடவை, கான்வாஸ் ஷூ, காதில் பென்சில். வயது முப்பதைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. எங்கே என்று கேட்டால் நாக்கை நீட்டச் சொல்லிவிடுவாள் என்று யாரும் கேட்பதில்லை. காய்கறிக் கடையில் நூல்கோலை வாங்கினால் வீடு போகும்வரை பொறுக்காது. தோலை நகத்தால் கீறி எடுத்துவிட்டுப் பச்சையாகவே கடித்துக்கொண்டு நடப்பாள். ஒரு சமயம் அவளைப் பெண் பார்க்க ஜயநகரிலிருந்து வந்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வருவதற்குள் டப்பா வந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் அப்பாவியாக நாக்கை நீட்டப் போக, அவனுடைய அம்மா குறுக்கே கையை வைத்து, தனக்குக் கசந்தால் அவனுக்கும் கசக்கும், தன்னைப் பார்த்தால் போதும் என்றாளாம். வரன் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அலர்மேல்மங்கையும் வருத்தப்பட்டாள். "ஒரு நாக்கு கொறைஞ்சு போச்சு" என்றாள்.

அந்த அம்மாள் சொன்ன வார்த்தையை அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் வந்த கஷ்டத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அவளுடைய பேராசிரியர் சேஷகிரி. கல்லூரியில் "சார்", வீட்டில் பெரியம்மா பிள்ளை என்கிற முறையில் "அண்ணா". இரண்டையும் அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். அவர் கையெழுத்துப் போடாமல் அவள் எழுதியது பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சாத்விகமாகச் சாப்பிட்ட குடும்பங்களின் நாக்கு நுட்பமானது, துளிக் கசப்பைக்கூடப் பிடித்துவிடும். கண்டதைத் தின்று கூலி வேலை செய்கிற ஜனங்களின் நாக்கு மழுங்கிப்போயிருக்கும். இதைக் காகிதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். பார்த்து எழுதிக்கொண்டு வருவதற்குத்தான் அலர்மேல்மங்கை.

முதல் சுற்றில், அந்தச் சாத்விகக் குடும்பங்கள் நிறைந்த மல்லேசுவரம் அவரைக் கைவிடவில்லை. ராஜலக்ஷ்மி அம்மாள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். நாலு பிள்ளை, நாலு மருமகள், கூடத்தில் ஊஞ்சல், ஊஞ்சலில் ராஜலக்ஷ்மி அம்மாள். வாயில் வைத்து எடுக்கிற சமாசாரம் எச்சில், அது இந்த வீட்டில் நடக்காது என்று முதலில் மறுத்தாள். ஆளுக்கு ஒரு துண்டு, வைத்ததும் முற்றத்தில் போட்டுவிட்டு வாய் கொப்பளித்துக்கொள்ளலாம் என்று அலர்மேல்மங்கை சொன்ன பிறகு, சரி, பெரியவள் நான் முதலில் என்று நாக்கை நீட்டினாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். "கசக்கறது" என்றாள், தீர்ப்புச் சொல்கிற குரலில். மூத்த மருமகளுக்குக் கசந்தது. அடுத்தவளுக்குக் கசந்தது. மூன்றாமவளுக்குக் காகிதம் நாக்கைத் தொடுவதற்கு முன்பே கசந்துவிட்டது. தெருவில் ஒவ்வொரு வீடும் இதே மாதிரி. ஒரு நாக்குக்கூடத் தவறவில்லை.

சேஷகிரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விஞ்ஞான சபையில் மாலை போட்டுக்கொண்டு பேசிவிட்டார். நம்மவர் வீடுகளில் விதிவிலக்காக ஒரு நாக்குக்கூட இல்லை என்று அவர் மேஜையைத் தட்டியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் நாக்கை உள்ளுக்குள்ளேயே தடவிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

அடுத்து சிவாஜிநகர். மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள காலனியில் முட்டை விற்கும் சந்திரம்மா இவளை வாசலிலேயே மறித்தாள். வெள்ளைக் காகிதத்தைக் காட்டி நாக்கை நீட்டச் சொல்கிறவளை அவள் எப்படி நம்புவாள்?

"மொதல்ல நீ துன்னு. அப்பால பாக்கலாம்."

அலர்மேல்மங்கை ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அதை நம்பி சந்திரம்மாவும் போட்டுக்கொண்டாள். அடுத்த கணம் தெருக்கோடி வரை துப்பினாள், குழாயடிக்கு ஓடினாள், திரும்பி வந்து இடுப்பில் கையை வைத்தாள்.

"கல்லாட்டம் நின்னுக்கினு என்னை ஏமாத்திட்டியேம்மா. படிச்ச பொம்பளை பண்ற வேலையா இது?"

ஏமாற்றவில்லை, தன் நாக்கு அந்த ஜாதி, அதற்கு இந்தக் கசப்புத் தெரியாது என்று அலர்மேல்மங்கை விளக்க வேண்டியதாயிற்று. சந்திரம்மா அவளை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தாள். கசக்கிறவங்க ஒசத்தியா, கசக்காதவங்க ஒசத்தியா என்று கேட்டாள். யாரும் உயர்த்தி இல்லை, கறுப்புக் கண், பழுப்புக் கண் மாதிரிதான் என்று பதில் வந்ததும், அப்படியானால் பயமில்லை என்று காலனியையே கூப்பிட்டுவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரு நாக்கையும் பாரு. சொம்மா சொல்லக் கூடாது, ரொம்ப நீளம்."

அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அம்மா துப்பினாள், மகள் சிரித்துக்கொண்டே மென்றாள். புருஷனுக்குக் கசந்தது பெண்டாட்டிக்குக் கசக்கவில்லை என்பதற்காக ஒரு வீட்டில் சண்டையே வந்தது. பெரும்பாலோருக்குக் கசந்தது, சிலருக்குக் கசக்கவில்லை. நாக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று புத்தகங்களும் சொல்கின்றன. பஸ்ஸில் திரும்பும்போது அலர்மேல்மங்கைக்கு உறைத்தது. காலனி நாக்குகள் சரியாகத்தான் இருந்தன. ஒரு தெரு முழுக்க ஒரே மாதிரி கசந்ததே, அதில்தான் ஏதோ இருக்கிறது.

மறுநாளே ராஜலக்ஷ்மி அம்மாள் வீட்டுக்குக் கொல்லைப்புறமாகப் போனாள். துவைக்கிற கல்லருகே கடைசி மருமகள் ருக்மிணி புடவை அலசிக்கொண்டிருந்தாள். இப்போது நாம் ரெண்டு பேர்தான், மறுபடி ஒரு துண்டு வைத்துப் பார் என்றாள் இவள். ருக்மிணி கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாக்கை நீட்டினாள்.

"ஒண்ணுமே இல்லை அக்கா. அன்னிக்கும் ஒண்ணும் இல்லை."

"பின்னே ஏண்டி கசக்கறதுன்னே?"

"மாமியாருக்குக் கசந்துதே. நான் எப்படிக் கசக்கலைன்னு சொல்வேன்?"

அன்றைக்கு அலர்மேல்மங்கை முதல் சுற்றைத் தலைமுழுகினாள். இரண்டாம் சுற்றுக்குப் புது முறை வைத்தாள். ஒரு சமயத்தில் ஒரே ஆள், கொல்லையிலோ கிணற்றடியிலோ, மற்றவர் காதில் விழாத இடத்தில். முதலில் ஒன்றும் தோய்க்காத வெறும் காகிதம், அப்புறம்தான் நிஜக் காகிதம். ராஜலக்ஷ்மி அம்மாளிடமும் போனாள். வெறும் காகிதத்தை வைத்ததும் அந்த அம்மாள் கண்ணை மூடி, "போன தடவையைவிட ஜாஸ்தியா கசக்கறது" என்றாள். நிஜக் காகிதத்தை வைத்ததும், "இது தேவலை, கசப்பே இல்லை" என்றாள். ஆக, ஒரு குடும்பத்தையே கசக்க வைத்த நாக்குக்குக் கசப்பே தெரியாது. படித்த பெண் மெனக்கெட்டுக் கொண்டுவந்து வாயில் வைக்கிறாள் என்றால் அது மருந்துதானே, மருந்து கசக்காமல் என்ன செய்யும் என்பது அவளுடைய கட்சி.

இரண்டாம் சுற்று முடிந்தபோது மல்லேசுவரமும் சிவாஜிநகரும் ஏறத்தாழ ஒரே நாக்காக நின்றன. அங்கேயும் சிலருக்குக் கசக்கவில்லை, இங்கேயும் சிலருக்குக் கசக்கவில்லை. அலர்மேல்மங்கை அதை அப்படியே எழுதினாள். மாமியார் சொன்னால் மருமகளுக்குக் கசக்கும் என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயமும் எழுதினாள். இது உடம்பைப் பற்றிய ஆராய்ச்சியா, வீட்டைப் பற்றிய ஆராய்ச்சியா என்று கேட்டால், வீட்டை விட்டு நாக்கு தனியாக எங்கே வாழ்கிறது என்பாள்.

போன வாரம் கட்டுக் கட்டிய காகிதங்களோடு சேஷகிரியின் அறையில் போய் நின்றாள். அவர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அலமேலு, நீ புத்திசாலி. ஃபர்ஸ்ட் ரவுண்டோட நிறுத்திக்கோ. செகண்ட் ரவுண்ட் நடக்கவே இல்லைன்னு நெனைச்சுக்கோ."

"நடந்துது சார். ஷூ தேஞ்சிருக்கு."

சபையில் தான் பேசியது என்ன ஆவது என்று அவர் கேட்டார். தப்பு என்று இன்னொரு சபையில் பேசலாமே என்றாள். அவர் பேனாவின் மூடியைத் திருகி மூடிவிட்டார். ஒன்று, இரண்டாம் சுற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் வேறு யார் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றார். யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் நடந்த தெருவெல்லாம், நின்ற கிணற்றடியெல்லாம் அந்தப் பேனா மூடிக்குள் அடங்கிவிட்டன. அவள் வாயை மூடிக்கொண்டு அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டால் பட்டம் தீபாவளிக்குள் வந்துவிடும்.

அலர்மேல்மங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து ஒரே ஒரு துண்டை அவர் கண்ணெதிரே கத்திரியால் இரண்டாக நறுக்கினாள். இத்தனை நாளில் சேஷகிரி ஒருமுறைகூடத் தன் நாக்கை நீட்டியதில்லை. தனக்கு எதற்குப் பரீட்சை என்று இருந்துவிட்டார்.

"இத்தனை பேர் நாக்கைப் பாத்தாச்சு. உங்க நாக்கு மட்டும் பாக்கி, சார்."

மறுத்தால் பயந்ததாக ஆகிவிடும். வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். முகம் கோணிற்று. கண்ணில் ஜலம் வந்துவிட்டது. கூஜாவைத் தூக்கி மடமடவென்று குடித்தார். குடித்து முடித்ததும் ஜெயித்த சந்தோஷம் முகத்தில் பொங்கியது.

"பாத்தியா? அரைத் துண்டுக்கே இப்படி. நம்மவா நாக்கு பொய் சொல்லாது. ஒரே பாட்டி வயத்துல வந்தவா நாம, உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

அலர்மேல்மங்கை மறுபாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மெல்கிற நிதானத்தில் மென்றாள். சேஷகிரி அவள் புருவத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். கூஜாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மணி அடித்து, பையன்கள் வகுப்பு மாறுகிற இரைச்சல் எழுந்து அடங்கியது. அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். அவர் முகத்திலிருந்த சந்தோஷம் மெள்ள வடிந்தது.

"எனக்கு வெறும் காகிதம், அண்ணா" என்றாள். அந்த அறையில் அவள் அண்ணா என்றது அதுதான் முதல் தடவை.

பிறகு மூடிய பேனாவை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தின் மேல் வைத்தாள். மேஜை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்னால் குனிந்து, நசுங்கிய வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த தன் நாக்கைச் சேஷகிரிக்கு நேராக நீட்டினாள், நீட்டியபடியே இருந்தாள்.