மாமாவின் பெயரில் ஒரு கிண்ணம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. சமையலறை மேசையில், பாண் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளிநிற வெற்றிக் கிண்ணம் நின்றது. முதியோர் இல்லத்து வேலைக்காக அம்மா பேருந்து ஏறி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அதுவரை அந்தக் கிண்ணம் நாங்கள் குடியேறிய எம்மன்புரூக்கேயில் எங்கள் குடியிருப்பின் நிலவறையில், குளிர்காலச் சப்பாத்துகள் வைக்கும் பெட்டிக்குள் கிடந்தது. அப்பா அதைத் தன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. ஊரில் போர் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது.

கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அப்பா என்னைப் பக்கத்து நகரமான லுசேர்னில் ஒரு கடைக்குக் கூட்டிச் சென்று, "உன்ர மாமாவுக்கு எது பிடிக்கும், பார்த்துச் சொல்லு" என்றார். யானைக் காது மாதிரி இரண்டு பெரிய கைப்பிடிகள் உள்ளதைக் காட்டினேன். உதைபந்தாட்டத்தில் ஐரோப்பியக் கிண்ணம் அப்படித்தான் இருக்கும். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் என்னை விட்டால் விபரம் தெரிந்தவர்கள் இல்லை. என்னை அப்படி ஆக்கியவர் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் இருந்தார். நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குரல் மட்டும் தொலைபேசியில் வரும். இங்கிலாந்தின் சிவப்புச் சட்டைக் கழகம் ஒன்றின் மேல் அவருக்குப் பைத்தியம். அதன் ஆட்டத்தை அவர் முழுதாகப் பார்த்தது மிகக் குறைவு. ஆனால் எந்த ஆண்டு எந்தக் கிண்ணம், யாரை வென்றது, கடைசிக் கோல் எத்தனையாவது நிமிடம் என்பதெல்லாம் மனப்பாடம். அந்தக் கழகம் ஒரே பருவத்தில் மூன்று பெரிய கிண்ணங்களையும் வென்ற ஆண்டில், அவருடைய ஊரில் மின்சாரம் இல்லை. ஒரு சிநேகிதன் சைக்கிள் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடியது. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் சமநிலைக் கோல் விழுந்ததும் சிநேகிதன் சந்தோஷத்தில் சைக்கிளைவிட்டுக் குதித்துவிட்டான். வானொலி நின்றுபோனது. வெற்றிக் கோலை அவர்கள் கேட்கவில்லை. கிண்ணம் யாருக்கு என்பது மறுநாள்தான் தெரிந்தது. "அண்டைக்கு அவனைச் சாக்கொல்லியிருப்பன்" என்று மாமா ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

அம்மா அழுது முடித்த பிறகுதான் தொலைபேசி என் கைக்கு வரும். மாமா முதலில் கேட்பது ஒன்றே: "என்ன மருமகள், எங்கட அலுமாரியில இப்ப எத்தினை?"

கடைசியாக அவர் கேட்டபோது பதினேழு என்றேன். லீக் பட்டத்தின் கணக்கு அது. இங்கிலாந்தில் வேறொரு கழகத்திடம் பதினெட்டு இருந்தது. அது நெடுநாள் சாதனை. மாமாவுக்கு அது நெஞ்சில் முள். "இந்த முறை பதினெட்டு வரும். சமன் செய்த அண்டைக்கு நான் ரெலிபோன் எடுப்பன், நீர்தான் எனக்குச் சொல்லவேணும்" என்றார். அவருக்குப் பின்னால் வெடிச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. நான் அது வெடிதானா என்று கேட்கவில்லை.

பதினெட்டாவது பட்டம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அன்று வன்னியிலிருந்து வந்த படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரும் தரையில் இருந்து பார்த்தார்கள். நான் மாடியில் குடியிருந்த இத்தாலியக்காரர் வீட்டில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமாவின் அழைப்பு வரவில்லை. செய்தி இன்னும் அங்கே எட்டவில்லை என்று நினைத்தேன். அடுத்த பருவமும் முடிந்தது. அப்போதும் அப்படியே நினைத்தேன்.

இந்த நிலையில்தான், எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டியில் ஏதாவது ஒரு குடும்பம் கிண்ணம் கொடுக்கும். அந்தக் குடும்பத்தில் ஒருவரின் பெயர் கிண்ணத்துக்கு வைக்கப்படும். அந்தப் பெயர்கள் எல்லாம் இறந்தவர்களின் பெயர்கள் என்பதை நான் கவனித்திருக்கவில்லை. மாமா ஊரில் அவர்களுடன் பந்தடித்தவர். அவர் பெயரில் இந்த ஆண்டுக் கிண்ணம் இருக்கட்டும் என்றார்கள். அம்மா தேநீர்த் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "என்ர தம்பி காணாமல் போனவன். செத்தவன் இல்லை. குடிச்சிட்டுப் போங்கோ."

அம்மாவின் பேச்சுக்கு மேல் பேசாத அப்பா, சில வாரங்களில் என்னைக் கிண்ணக் கடைக்குக் கூட்டிப் போனார். அம்மாவிடம் சொல்லாதே என்றார். பிறந்தநாள் பரிசுகளைப் போல இதுவும் ஒரு ரகசியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, மைதானத்தில் கொத்துரொட்டி வாசனையும் ஒலிபெருக்கியும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் மாமாவின் படம், ஒரு விளக்கு, நான் தேர்ந்தெடுத்த கிண்ணம். பிரதம விருந்தினரான பலசரக்குக் கடை முதலாளிக்கும் ஒரு டொக்டருக்கும் மாலை போட்டார்கள். மாமாவின் படத்துக்கும் மாலை போட்டார்கள். அதுதான் மூன்றிலும் பெரியது. கடைசியில் மாமாவும் ஒரு கிண்ணக்காரர் ஆகிவிட்டார் என்று எனக்குப் பெருமை.

இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன் அம்மா வந்தார். வேலையிடத்து வெள்ளைக் காற்சட்டையை மாற்றவில்லை. கூட வேலை செய்யும் ஒருத்தி, "உங்கட தம்பியின்ர கிண்ணத்துக்கு நீங்கள் போகேல்லையோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"மாலை ஆர் போட்டது?"

கழகச் செயலாளர், "அக்கா, ஒரு மரியாதைக்குத்தான்…" என்று தொடங்கினார்.

"உயிரோட இருக்கிறவனுக்கு விளக்குக் கொளுத்துறதோ உங்கட மரியாதை? உம்மட தம்பியின்ர படத்தை வையும், நான் வந்து கொளுத்திறன்."

அம்மா மாலையைக் கழற்றி என் கையில் தந்து, "பிடி" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"அவன் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

அப்பா கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றார்.

"கேக்கிறனல்லோ. கண்டனீங்களோ?"

"இல்லை" என்றார் அப்பா.

"பிறகென்ன?"

அம்மா படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தார். அப்பா ஒரு சில்லறைக் காசைத் திருகாணியின் பிளவில் கொடுத்துத் திருகி, பெயர் பொறித்த தகட்டைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டார். பலசரக்குக் கடை முதலாளி பெயரில்லாத கிண்ணத்தை வென்ற அணியிடம் கொடுத்தார். அவர்கள் அதைத் தங்கள் நகரமான நொஷாட்டலுக்குக் கொண்டு போனார்கள்.

அம்மா கோபித்த காரணம் எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். மாமா அந்தப் போட்டியில் ஆடவில்லை. ஆடாதவர் பெயரைக் கிண்ணத்தில் பொறித்தால் சாதனைப் பட்டியல் பொய்யாகிவிடும். மாமாவே அதை ஒப்பமாட்டார். வீடு வரும் வழியில் இதை அப்பாவுக்கு விளக்கினேன். அவர் என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார். "ஓம் பிள்ளை, நீ சொல்லுறது சரி" என்றார். அந்த 'இல்லை'யைச் சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் யோசிக்கவில்லை.

இத்தனை ஆண்டுகள் கழித்து, சென்ற குளிர்காலத்தில்தான் அப்பா அதன் காரணத்தைச் சொன்னார். கிண்ணக் கடைக்குப் போவதற்கு முந்தைய வாரம், போருக்குப் பின் வன்னி மக்களை அடைத்துவைத்த முகாமிலிருந்து தப்பி வந்த ஒருவரை அவர் இங்கே அட்லிஸ்வில்லில் சந்தித்திருக்கிறார். மாமாவைக் கடலேரிக் கரையில் தன் கையாலேயே புதைத்ததாக அந்த மனிதர் சொன்னாராம்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.